ஊரி குளறுகிறது

கல்முனை, கல்லாறு, கல்லடி, கல்குடா. தெற்கேயிருந்து மட்டக்களப்புக் கரையோரமாகப் பஸ்ஸில் வந்தால் இந்த நான்கு பெயர்ப்பலகைகளையும் இதே வரிசையில் கடக்கலாம். நான்கிலும் கல் இருக்கிறது. யன்னலுக்கு வெளியே பார்த்தால் தெரிவதோ மணல். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, நடுவே தென்னையும் வீடுகளுமாக ஒடுங்கிய நிலம். கல் அருமையாகக் கிடைக்கும் இடத்தில்தான் கல்லை அடையாளமாக வைத்து ஊருக்குப் பெயரிடுவார்கள். எங்கு பார்த்தாலும் கல் கிடக்கும் நாட்டில் "கல்லடியில் நில்" என்று சொன்னால் யாருக்கு விளங்கும்?

அந்தக் கற்களை மனிதரைவிட ஆவலோடு தேடும் உயிர்கள் உண்டு. ஊரி என்று சொல்வோமே, அவைதான். ஓட்டுக்குள் ஒதுங்கி ஒற்றைக் காலால் ஊரும் கடல் நத்தைகளுக்கு அது பொதுப்பெயர். சங்குக்கும் சோகிக்கும் தனிப்பெயர் கிடைத்துவிட்டது; மிச்சமெல்லாம் ஊரிதான். சில ஊரிகள் மணலில் புதைந்து வாழும், சில சேற்றில் மேயும். பாறையில் வாழப் பழகியவற்றுக்குக் காலை ஊன்றக் கெட்டியான இடம் வேண்டும். அலை புரட்டும் மணலில் அவற்றால் ஒரு நாள்கூடத் தரித்திருக்க முடியாது. ஆகவே மட்டக்களப்பின் நீண்ட மணற்கரை பாறை ஊரிக்குப் பாலைவனம். கரையில் துருத்தி நிற்கும் ஒவ்வொரு கல்லும் அதற்கு ஒரு தீவு.

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்கிறோம். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்தால் இசை கேட்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த செய்தி. யேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலியில் ஒலிபரப்பும் ஆனது. பாடுவது மீன் என்றே பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் 1848 செப்டெம்பரில் இங்கே வந்த எமர்சன் டெனன்டிடம் நம் மீனவர்கள் மீன் என்று சொல்லவில்லை.

டெனன்ட் அப்போது இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றச் செயலாளர். நிலவு எழுந்த பிறகு மீனவர்களோடு தோணியில் போய், கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று அந்த ஒலியைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போல இருந்ததாம். தோணிப் பலகையில் காதை வைத்ததும் இன்னும் பலமாகக் கேட்டதாம். 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதினார். ஒலி எழுப்புவது ஒரு வகைச் சிப்பி என்று மீனவர்கள் சொன்னதையும், அதற்கு அவர்கள் தந்த தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் குறித்தார். கூட்டி வாசித்தால் "ஊரி கூளூரூ கிராடூ" என்பதுபோல வரும். "அழும் சிப்பி" என்று பொருளும் கொடுத்தார்.

அதை இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்கு அது பெயராகக் கேட்கவில்லை, முழு வாக்கியமாகக் கேட்கிறது: ஊரி குளறுகிறது. வாய்விட்டு அழுவதை இன்றைக்கும் நம் பக்கம் குளறுவது என்றுதானே சொல்கிறோம். இது என்ன சத்தம் என்று துரை கேட்டிருப்பார். தோணியில் இருந்தவர் உள்ளதைச் சொல்லியிருப்பார். அந்தப் பதில் ஓர் உயிரினத்தின் பெயராகப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

அந்தச் சிப்பியைக் கொண்டுவரச் சொல்லி டெனன்ட் ஆட்களை அனுப்பினார். அவர்கள் உயிரோடு கொண்டுவந்தவை பெரும்பாலும் இரண்டு வகை: லிட்டோரினா, செரிதியம். இரண்டாவதை இன்று டெரிபிராலியா பலஸ்திரிஸ் என்கிறார்கள். கண்டல் சேற்றில் கிடக்கும் நீண்ட, கரிய, கூர்க்கோபுர ஊரி. அவை பாடுகின்றன என்று டெனன்ட் நம்பினார். அது சரியாக இருக்க வாய்ப்பில்லை. ஊரிக்குக் குரல் எழுப்பும் உறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் பாட்டைவிடப் பெறுமதியான ஒன்றை அவர் ஓர் அடிக்குறிப்பில் எழுதிவைத்தார். தமக்குக் கிடைத்த செரிதியங்கள் குறுகிப்போய், ஓடு தடித்து இருந்தன என்கிறார். மணலடியில் வாழும் சகபாடிகளிலிருந்து பாறையிடத்தில் வாழும் ஊரியைப் பிரித்துக்காட்டும் வழக்கமான இயல்பு இது என்கிறார். டார்வினின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், மட்டக்களப்பு வாவியின் ஓர் ஊரியைக் கையில் வைத்துக்கொண்டு, வாழும் இடம் உடலை மாற்றுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாடும் மீனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

ஏன் குறுக வேண்டும், ஏன் தடிக்க வேண்டும்? பாறையில் பெரிய உடம்பு அலைக்கு நல்ல பிடி. கையளவு பெரிய ஊரியை அலை இழுத்து எறிந்துவிடும்; விரல்நுனியளவு ஊரி ஒரு வெடிப்புக்குள் ஒடுங்கிக்கொள்ளும். தடிப்புக்குக் காரணம் நண்டு. பாறை இடுக்கில் வாழும் நண்டுகள் கொடுக்கால் ஓட்டை நொறுக்கித் தின்பவை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்த பரிசோதனைகளில், நண்டின் வாடை கலந்த நீரில் வளர்த்த பாறை ஊரிகள் மற்றவற்றைவிடத் தடித்த ஓடு கட்டின. நண்டைப் பார்க்கக்கூடத் தேவையில்லை, நீரில் வாடை வந்தால் போதும்.

இதையெல்லாம் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் கீரட் வெர்மெய். 1946இல் நெதர்லாந்தில் பிறந்தவர். மூன்று வயதிலேயே பார்வையை முற்றாக இழந்தவர். ஓடுகளை விரலால் தடவியே படித்தார். வெப்பக் கடல்களின் ஓடுகள் குளிர்கடல் ஓடுகளைவிடத் தடிப்பு, வாய் ஒடுக்கம், வாயின் உட்புறம் பல்போன்ற மேடுகள் என்று கண்டுபிடித்தவை அவருடைய விரல்கள். நொறுக்கும் நண்டும் மீனும் வெப்பக் கடலில் அதிகம். அவற்றுக்கு எதிராகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கோட்டைதான் அந்த ஓடு. அடுத்த முறை கரையில் நெரிட்டா என்ற பாறை ஊரியின் வெறும் ஓடு ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதன் வாயைப் பெருவிரலால் தடவிப் பாருங்கள். உள்ளிதழில் வரிசையாக மொட்டைப் பற்கள் தட்டுப்படும். நண்டின் கொடுக்கு உள்ளே நுழையாதபடி வைத்த தடுப்பு அது.

இனி கல்குடாவுக்குப் போவோம். அருகருகே இரண்டு குடாக்கள். ஒன்றின் பெயரில் கல், மற்றதன் பெயரில் பாசி. பாறை ஊரிக்கு வேண்டிய வீடும் சோறும் அந்த இரண்டு பெயர்களிலேயே அடங்கிவிட்டன. இப்பகுதிக் கரைப்பாறைகள் விஜயன் தொகுதி என்று புவியியலாளர் அழைக்கும் மிகப் பழைய உருமாறிய பாறையைச் சேர்ந்தவை. வரி வரியாக வெள்ளையும் கருமையும் ஓடும் கல். கச்சான் அடிக்கும் மாதங்களில் நம் கடல் அமைதியாக இருக்கும். அப்போது ஒரு விடிகாலையில், நீர் வற்றியிருக்கும் வேளை பார்த்து ஒரு கல்லருகே குந்தியிருங்கள். அரை மணித்தியாலம் போதும்.

இலங்கையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இராது. பிரித்தானியக் கரைகளில் பல மீற்றர் உயரத்துக்குப் பரந்திருக்கும் ஊரி வலயங்கள் இங்கே ஒரு மனிதனின் முழங்கால் உயரத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அலைத்தூவானம் எவ்வளவு உயரம் எறிகிறதோ அவ்வளவுக்கு வலயங்களும் மேலே இழுபடும். ஒரே கல்லின் கடல் பார்த்த முகத்தில் வலயம் அகலம். கரை பார்த்த முகத்தில் ஒடுக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலே, தூவானம் மட்டும் தொடும் உயரத்தில், மிளகளவு சாம்பல் நிற ஊரிகளைக் காண்பீர்கள். லிட்டோரினா குடும்பத்தவை. கடலில் பிறந்து, கடலை விட்டு முடிந்தமட்டும் தள்ளி வாழ்பவை. நண்பகலில் அந்தக் கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது. அந்த வெயிலில் இவை காலை முழுதாக ஓட்டுக்குள் இழுத்து, மூடியைச் சாத்தி, உலர்ந்த சளியின் ஒரு துளியால் மட்டும் கல்லில் ஒட்டித் தொங்கும். சுடுகல்லோடு உடம்புக்குத் தொடர்பு இருக்காது. உள்ளே இதயத் துடிப்பும் குறைந்து, உயிரியக்கமே ஏறக்குறைய நின்றுவிடும். இதே குடும்பத்தின் எக்கினோலிட்டோரினா என்ற ஊரியைப் புருணையில் ஆராய்ந்தபோது, 50 பாகை செல்சியஸையும் தாண்டிய சூட்டில் அது உயிரோடு இருந்தது. ஒரு துளி நீரைக் கல்லில் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் மூடி திறந்து, இரண்டு கொம்புகள் மெல்ல வெளியே வரும்.

ஒரு சாண் கீழே நெரிட்டாக்கள். உருண்டை ஓடு, அரைவட்ட மூடி. சுண்ணாம்பாலான அந்த மூடி கச்சிதமாகப் பொருந்துவதால் உள்ளே சேமித்த கடல்நீர் வற்றாது. வெண்மையும் ஆழ்ந்த வரிகளுமாக இருக்கும் நெரிட்டா பிளிக்காட்டா மேலே. தட்டையான நெரிட்டா அல்பிசில்லா கீழே, கல்லுக்கடியில். மூன்றாவது ஒன்று, நெரிட்டா பொலிட்டா, நம் கரைக்காகவே செய்ததுபோன்றது. வழவழப்பான ஓடு அதற்கு. பகலில் கல்லின் அடிவாரத்து மணலுக்குள் புதைந்துகொண்டு இரவில் வெளியே வந்து கல்லில் ஏறி மேயும். மணலையும் கல்லையும் ஒரே நாளில் பயன்படுத்தத் தெரிந்த ஊரி. கல்லில் எள்ளை ஒட்டியதுபோல வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் சுரண்டாதீர்கள். அவை நெரிட்டாக்களின் முட்டைப் பைகள்.

அதே உயரத்தில் கூம்புத் தொப்பியைக் கவிழ்த்ததுபோல ஒட்டியிருப்பவை லிம்பெற்றுகள். பார்த்தால் ஊரி என்றே தோன்றாது. ஓட்டில் சுருள் இல்லை. கையால் பெயர்க்க முயன்றால் இன்னும் இறுகும். இவற்றுள் பல, மேய்ந்து முடிந்ததும் தம் ஓட்டின் விளிம்பு பொருந்திய அதே தடத்துக்கு, தாம் விட்டுச்சென்ற சளியின் வழிகாட்டலில் திரும்பி வரும். தேங்காய்த் திருவலை போன்ற பல்வரிசை ஒன்று ஊரிகளின் வாயில் உண்டு. கல்லில் படிந்த பாசிப்படலத்தை அதனால்தான் சுரண்டித் தின்கின்றன. லிம்பெற்றின் அந்தப் பற்களில் இரும்புக் கனிமம் நாராக ஓடுகிறது. 2015இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்து, உயிர்கள் ஆக்கும் பொருள்களில் அறியப்பட்டவற்றுள் இதுவே மிக உறுதியானது, சிலந்தி நூலையும் மிஞ்சியது என்றார்கள்.

இன்னும் கீழே, நீர் அகலாத இடத்தில், கூட்டம் கூடுகிறது. டேர்போ, ட்ரோக்கஸ், சோகி, கூம்பு வடிவக் கோனஸ், முண்டும் முடிச்சுமான தைஸ். தைஸ் வேட்டைக்காரன். சிப்பியின் மேல் ஏறி அமர்ந்து, அமிலம் சுரந்து ஓட்டை இளக்கி, பல்லால் அராவி, மணித்தியாலக் கணக்கில் உழைத்துத் துளை போடும். கரையில் பொறுக்கும் சிப்பி ஓட்டில் நூல் கோக்க வசதியாக வட்டத்துளை இருக்கிறதே, அது இப்படிப்பட்ட வேட்டையின் தடயம். ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: கோனஸைக் கையில் எடுக்காதீர்கள். அதன் பல் நஞ்சு ஏற்றிய ஈட்டி. புழு தின்னும் சிறிய வகைகளால் பெரிய ஆபத்து இல்லை. மீன் தின்னும் கோனஸ் ஜியோகிராபஸ் மனிதரைக் கொன்றிருக்கிறது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு எது எது என்று பிரித்தறிய எல்லாராலும் முடியாது.

இந்த அடுக்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஸ்டீபன்சன் தம்பதியர் 1949இல் பல நாட்டுக் கரைகளை ஒப்பிட்டு அதைக் காட்டினார்கள். மேலே லிட்டோரினா, நடுவில் கொட்டலசு, கீழே பாசியும் பவளமும். ஏன் இப்படி என்ற கேள்விக்கு ஸ்கொட்லாந்தில் ஜோசப் கொனெல் 1961இல் வெளியிட்ட ஆய்வில் விடை கண்டார். மேல்மட்டக் கொட்டலசு கீழேயும் வாழ வல்லது. போட்டியாளரை அகற்றிவிட்டால் அது கீழே செழிக்கிறது. ஆனால் கீழ்மட்டத்துக் கொட்டலசு மேலே போனால் வெயிலில் காய்ந்து செத்துவிடுகிறது. அதாவது ஓர் உயிரின் மேல் எல்லையைப் பெரும்பாலும் வெயிலும் வறட்சியும் தீர்மானிக்கின்றன. கீழ் எல்லையைப் போட்டியாளரும் பகைவரும் தீர்மானிக்கிறார்கள். கல்குடாவின் சாம்பல் ஊரி வெயிலை விரும்பி மேலே ஏறவில்லை. தைஸும் நண்டும் வர அஞ்சும் இடம் அது ஒன்றுதான்.

வாவிக்குள் கதை வேறு. அங்கே ஊரியை அடக்குவது வெயிலல்ல, உப்பு. ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும். அப்போது வாவி நன்னீராகிவிடும். பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் மணல்திட்டை உடைத்துக்கொண்டு வெள்ளம் கடலுக்குப் பாயும். கோடையில் திட்டு மறுபடி வளர்ந்து வாயை அடைக்க, நீரின் உப்புத்தன்மை இடத்துக்கு இடம் மாறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காத டேர்போவும் கோனஸும் உள்ளே வருவதில்லை. வந்து நிலைத்தவை சில குடும்பங்கள்தான், ஆனால் எண்ணிக்கையில் அவை குவிகின்றன. பாறை கிடைக்காத இடத்தில் கண்டல் மரமே பாறை. லிட்டோராரியா என்ற ஊரி அதன் வேரிலும் இலையிலும் ஏறி, வெள்ளம் ஏற ஏற மேலே நகரும். கீழே சேற்றில் டெனன்டின் டெரிபிராலியா உதிர்ந்த கண்டல் இலையைத் தின்று வாழ்கிறது. கடலில் விழுந்த கல்லும் வாவியில் வளர்ந்த மரமும் ஊரிக்கு ஒரே தேவையைத்தான் நிறைவேற்றுகின்றன.

இந்தத் தீவுகளுக்கு இடையே ஊரிகள் எப்படிப் பயணம் செய்கின்றன? முதிர்ந்த நெரிட்டாவால் கல்குடாவிலிருந்து கல்முனைக்கு மணலைக் கடந்து ஊர்ந்து வர முடியாது. குஞ்சால் முடியும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு இரண்டு மெல்லிய இறகுபோன்ற மடல்கள் உண்டு. அவற்றை அடித்தபடி நாள்கணக்கில், சில இனங்களில் வாரக்கணக்கில், நீரோட்டத்தில் மிதக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் வங்கக் கடல் நீரோட்டம் நம் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடுகிறது. திருகோணமலைப் பாறையில் பொரித்த குஞ்சு மட்டக்களப்புக் கல்லில் இறங்குவது சாத்தியம். அந்த நேரத்தில் கல் இல்லையென்றால் குஞ்சுக்கு வாழ்வு இல்லை.

நாமோ கல்லை ஒரு பக்கம் தின்று, மறுபக்கம் கொட்டி வந்திருக்கிறோம். கல்குடா, பாசிக்குடா, காயான்கேணிப் பகுதிகளில் சுண்ணாம்புக்காக முருகைக்கல் பல ஆண்டுகள் தோண்டி எடுக்கப்பட்டது. 1998இல் கடல் சூடேறியபோது எஞ்சிய முருகையும் வெளிறிச் செத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையையே புரட்டிப்போட்டது. தெற்கே ஒலுவிலில் துறைமுகம் கட்டி 2013இல் திறந்தார்கள். அலைதடுப்புக்கு வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் கரையை இழந்தன. அதைத் தடுக்க மேலும் கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. மணல் மட்டும் இருந்த இடத்தில் இப்போது கல். கல் வந்தால் ஊரி வரும்தானே, நல்லதுதானே என்று கேட்கலாம். வரும், ஆனால் எல்லாம் வராது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் கடற்சுவர்களை ஆராய்ந்தவர்கள், இயற்கைப் பாறையைவிட அங்கே இனங்கள் குறைவு என்று கண்டார்கள். வெடிப்பு இல்லை, நீர் தேங்கும் குழி இல்லை, நிழல் இல்லை. கொட்டும் கல்லில் குழியும் பள்ளமும் செதுக்கிவிட்டால் இனங்கள் கூடுவதையும் அவர்களே காட்டினார்கள். நம் கரையில் கல் போடுகிற பொறியியலாளர்கள் இதைச் செய்ய வேண்டும். செலவு பெரிதல்ல.

காயான்கேணி 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது நல்ல தொடக்கம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்குடாப் பள்ளிக்கூடங்களில் கடலைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு முழ நீளக் கம்பியைச் சதுரமாக வளைத்து, கல்லின் மேல் வைத்து, உள்ளே எந்த ஊரி எத்தனை என்று கச்சானில் ஒரு முறையும் மாரி முடிந்து ஒரு முறையும் எண்ணி, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் எடுத்து வையுங்கள். பத்து ஆண்டுக்கு அப்படி ஒரு கொப்பி தொடர்ந்தால், கடல் சூடாவதும் வாவியின் உப்பு மாறுவதும் அதில் தெரியும். உயிருள்ள ஊரியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்; வெறும் ஓட்டுக்கும் துறவி நண்டு காத்திருக்கிறது. பார்ப்பதற்காகக் கல்லைப் புரட்டினால், அடிப்பக்கம் வெயிலில் காயுமுன் பழையபடியே கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள்.